பட்டியலில் இருநூறு பேர், தராசருகில் ஒன்பது பேர்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். நான்காண்டுகள் அங்கே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். எங்கள் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். எருத்தேன்பதி, வடகரைப்பதி, வேலந்தாவளம் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அப்பால் கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் பேருந்தில் வருகிறவர்கள். மற்றவர்கள் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்து மலையாளப் பிள்ளைகள். வளாகத்தைப் பசுமையாக வைத்துக்கொள்ளும் பணியில் இவர்களை ஈடுபடுத்த முயன்று நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து தேறிய சில நடைமுறைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே பொறுப்பை ஏற்கும் வேறொரு கல்லூரி ஆசிரியருக்கு ஓராண்டாவது மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

முதலாண்டில் ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், வளாகத் தூய்மைப் பணி ஒன்றை அறிவித்தேன். 212 பேர் பெயர் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் ஒருமுறை பயன்படுத்தும் கையுறையும், பிஸ்கட் பொட்டலமும், தண்ணீர்ப் பாட்டிலும் வாங்கினோம். பத்து மணிக்குத் தொடங்கிய பணி பதினொன்றரைக்குள் முடிந்துவிட்டது, ஏனெனில் இருநூறு பேர் பொறுக்கும் அளவுக்கு அந்த வளாகத்தில் குப்பையே இல்லை. பிறகு குழுப்படம் எடுத்தோம். மறுநாள் காலை, வளாகம் பெருக்கும் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், பிள்ளைங்க சுத்தம் பண்ணினதைச் சுத்தம் பண்ண எனக்கு இன்னும் ரெண்டு நாளாகுமுங்க,” என்றார்.

கூடவே சென்று பார்த்தேன். கைப்பந்துத் திடலின் ஓரத்தில் கையுறைகளும் பிஸ்கட் உறைகளும் பாட்டில்களும் சாக்கு சாக்காகக் கிடந்தன. நாங்கள் பொறுக்கிய குப்பையைவிட நாங்கள் போட்ட குப்பை கூடுதல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தடை இருப்பதை மேடையில் விளக்கிய அதே வாயால் அந்தப் பாட்டில்களை ஆர்டர் செய்தவனும் நான்தான். அதே நாளில் நட்ட மரக்கன்றுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியில் மார்ச் மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்காமல் நட்டவை, ஆடுகளுக்குத் தப்பியவை உட்பட, அடுத்த ஜூனைப் பார்க்கவில்லை.

பெயர்ப்பட்டியல் நீள்வதற்குக் காரணம் மாணவர்களின் ஆர்வம் மட்டுமன்று. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அந்தக் கணக்கு நிரம்பினால்தான் சான்றிதழும் அதையொட்டிய சலுகைகளும். கல்லூரிக்கோ, கல்லூரிகளைத் தரமிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்கான கோப்பில் எழுத, பங்கேற்றோர் எண்ணிக்கையும் புகைப்படமும் தேவை. ஆக, மாணவருக்கு மணிக்கணக்கு, நிர்வாகத்துக்குத் தலைக்கணக்கு, எனக்கு இரண்டையும் எழுதும் வேலை. குப்பை எங்கே பிறக்கிறது, எவ்வளவு, எந்த நாளில் என்று கேட்க இந்த ஏற்பாட்டில் யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

இரண்டாமாண்டில் கூட்டத்தை விட்டேன். கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, “ஆறு நாள், வளாகத்தில் சேரும் குப்பையை எடை போட யார் வருகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாக் குப்பையையும் ஈரமானது, காய்ந்தது, மற்றவை என்று பிரித்து, இடவாரியாக எடை போட்டு, ஒரு நீள நோட்டில் எழுதினார்கள். வகுப்பறைக் காகிதமும் மிட்டாய் உறையும் கண்ணுக்குத் தெரிகிற குப்பை. எடையில் அவை மிகச் சொற்பம். விடுதி மெஸ்ஸில் தட்டிலிருந்து வாளிக்குப் போகும் சோறுதான் மொத்த எடையில் பெரும்பங்கு என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. நூற்று நாற்பது பேர் சாப்பிடும் அந்த மெஸ்ஸில் ஒரு மதிய வேளைக்குச் சில நாள் 19 கிலோ, சில நாள் 31 கிலோ மிஞ்சியது.

நான் உடனே, பசியால் வாடும் குழந்தையின் படத்தோடு ஒரு சுவரொட்டி ஒட்டலாம் என்றேன். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “சாரே, அதெல்லாம் ஸ்கூல்லயே பார்த்தாச்சு,” என்றான் ஒருவன். அவர்களில் ஒரு பெண் முதலில் வாளியருகில் நின்று, கொட்ட வருகிறவர்களிடம் ஏன் கொட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் அது சண்டையில் முடிந்தது. அதன் பிறகு அவர்கள் தாங்களாகவே இடத்தை மாற்றினார்கள்: கொட்டும் இடத்தை விட்டுப் பரிமாறும் இடத்துக்குப் போனார்கள். அங்கேதான் விடை கிடைத்தது. 31 கிலோ மிஞ்சிய நாள்களில் மட்டை எனப்படும் பருத்த சிவப்பரிசிச் சோறு. பாலக்காட்டு மட்டை என்றால் மலையாளப் பிள்ளைகளுக்கு உயிர். பொன்னி அரிசியில் வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தொண்டையில் இறங்கச் சற்று நாளாகும். வரிசை நீளமாக இருப்பதால், மீண்டும் வந்து கேட்க வேண்டாம் என்று, பரிமாறுகிற அண்ணன் எல்லோருக்கும் ஒரே மூச்சில் பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி வைத்துக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் சமையற்காரரிடம் பேசினார்கள். கரண்டியைச் சிறியதாக்கினார்கள், முதலில் ஒரு கரண்டி, மறுசோறுக்குத் தனியாக ஒரு மேசை, அங்கே மட்டையும் பொன்னியும் இரண்டும் இருக்கும் என்று ஏற்பாடாயிற்று. விடுதிக் காப்பாளர் இரண்டு அரிசி வடிப்பது எரிவாயுச் செலவு என்று மறுத்தபோது, வீணாகும் சோற்றின் எடையை அரிசியாக்கி, அரிசியை ரூபாயாக்கி அவர் முன் வைத்தது அந்த நீள நோட்டுதான். இரண்டு மாதத்தில் மிச்சம் நாளொன்றுக்கு 12 கிலோ அளவுக்கு இறங்கியது. ஒரு தோரணம் கட்டவில்லை, ஒரு முழக்கம் எழுப்பவில்லை. நான் செய்தது தராசு வாங்கிக் கொடுத்ததும், அவர்கள் கண்டுபிடித்ததை நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தை அவர்களிடமே விட்டதும்தான். தன்னார்வலரிடம் துடைப்பத்தை மட்டும் கொடுத்து, முடிவெடுப்பதை நம்மிடமே வைத்துக்கொண்டால் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அந்த 12 கிலோவுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. கேரளத்தில் பரவலாகத் தெரிந்த தும்பூர்முழி முறையைத் தேர்ந்தெடுத்தோம். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் உள்ள, பக்கங்களில் காற்றுப் புக இடைவெளி விட்ட தொட்டி. அடியில் பசுஞ்சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் உணவுக் கழிவு, மீண்டும் சாணம், சருகு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். சரியாக அமைந்தால் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், நாற்றம் வராது, ஏறத்தாழத் தொண்ணூறு நாளில் உரம் தயாராகும். நான் கரும்பலகையில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் முப்பதுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று சமன்பாடு எழுதி விளக்கினேன். ஜூலை மழையில் தொட்டி நாறியது. ஈ மொய்த்தது. பக்கத்துப் புவியியல் துறையிலிருந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் வந்தது.

வடகரைப்பதியிலிருந்து வரும் இரண்டாமாண்டுத் தாவரவியல் மாணவி ஒருத்தி; வீட்டில் ஆறு மாடு, காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் கல்லூரிக்குப் பேருந்து ஏறுவாள். அவள் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி, என் கண்ணெதிரே இறுக்கிப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. “பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாதுங்க சார். கையை விரிச்சா உருண்டை உடையாம இருக்கணும், அவ்வளவுதான் ஈரம்,” என்றாள். மழையில் நனைந்த சருகையே நாங்கள் மேலே போட்டுக்கொண்டிருந்தோம். அவள் வீட்டிலிருந்து இரண்டு சாக்கு நிலக்கடலைத் தொலியும், யாரோ ஒருவர் தோப்பிலிருந்து தேங்காய் மஞ்சித் (நார்) தூளும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் கிளறி, உலர்ந்ததை ஊடே கலந்து, மேலே தார்ப்பாய் கட்டினோம். மூன்றாம் நாள் கையை உள்ளே விட முடியாத அளவுக்குச் சூடு ஏறியிருந்தது, நாற்றம் போய்விட்டது. அந்த ஆண்டு முழுவதும் தொட்டிக்கு அவளே தலைவி. அவள் சொன்னால் முதல்வரும் தொட்டியைத் திறக்க மாட்டார்.

சருகைப் பற்றி ஒரு குறிப்பு. வளாகத்துச் சருகைப் பெருக்கும் அக்கா நாள்தோறும் காலையில் எரித்துக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. டிசம்பர், ஜனவரியில் கணவாய்க் காற்று வீசும்போது இங்கே சருகுக்குப் பஞ்சமே இல்லை. பெருக்கிய இடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மீண்டும் நிறைந்துவிடும். அதே காற்று தொட்டியின் பக்கங்களை உலர்த்தி நுண்ணுயிர்களைப் பட்டினி போட்டுவிடும், ஆகவே அந்த மாதங்களில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆக, ஜனவரியில் சருகைச் சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் அடுக்கி, ஜூனில் பயன்படுத்த வேண்டும் என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் விளங்கியது.

காய்ந்த குப்பையின் கதையில் எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். கேரளத்தில் மட்காத கழிவை வீடு வீடாகச் சென்று, அதற்கென ஒரு கட்டணம் பெற்று, சேகரிப்பவர்கள் இவர்கள்; எங்கள் பஞ்சாயத்தில் வருகிற அக்காக்கள் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்கள். முதலில் எங்கள் மாணவர்கள், கட்டணம் கொடுப்பானேன், நாமே விற்கலாம் என்று ஆக்ரிக் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் பாட்டிலையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு, பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை அனைத்தையும் அப்படியே திருப்பித் தந்தார். பல அடுக்காக ஒட்டிய அந்த உறைகளுக்குச் சந்தையில் விலையே இல்லை. தலை குனிந்து சேனையிடம் வந்தோம். அவர்களும் எங்கள் ஏழு சாக்கில் நான்கைத் தொடவே மறுத்துவிட்டார்கள். சாக்கைப் பிரித்த அக்கா ஒரு பால் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புழு நெளிந்தது.

“இதைக் கையாலே தரம் பிரிக்கறது நாங்கதான், மோளே. கழுவி ஒணக்கித் தந்தா எடுக்கறோம்.”

எங்கள் பிள்ளைகளுக்கு அதுவரை குப்பை ஒரு ‘பிரச்சினை’யாக இருந்தது, அன்றுதான் அது இன்னொருவர் கையில் போய்ச் சேரும் பொருளாயிற்று. அடுத்த வாரம் விடுதியின் பின்புறத்தில் துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில் இன்னொரு கொடி கட்டி, கழுவிய கவர்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். பார்க்க விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சாக்கும் திரும்பி வரவில்லை.

குப்பைத் தொட்டிகளின் மேல் எழுதுவதில்கூட எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் ஜைவம், அஜைவம் என்று எழுதியிருந்தோம். தமிழில் மட்கும் குப்பை, மட்காத குப்பை. மலையாளத்தில் முன்னால் ஓர் எழுத்து, தமிழில் இடையில் ஓரிரு எழுத்து. அவசரமாக நடந்துகொண்டே எறிகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலும், அறிவிப்புப் பலகையில் மலையாளம் மட்டும் இருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் தங்களுக்கானதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஓவியம் வரையத் தெரிந்த ஒருவன் எழுத்தை அழித்துவிட்டு, ஒன்றில் வாழைப்பழத் தோலும் மற்றதில் சிப்ஸ் உறையும் வரைந்தான். தவறாகப் போடுவது பெருமளவு நின்றது.

கூட்டம் நடத்தும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் எல்லாக் கூட்டத்தையும் வகுப்பு முடிந்த பிறகு வைத்தேன். விடுதிப் பையன்கள் மட்டும் வந்தார்கள். பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருத்தி வந்து, “நாலு மணி வண்டியை விட்டா வீட்டுக்குப் போக இருட்டிடுதுங்க சார்,” என்று சொன்ன பிறகு கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினேன். அடுத்த வாரமே பாதிக்கு மேல் பெண்கள். தண்ணீர்க் கணக்கு எடுத்ததும் அவர்கள்தான். ஒழுகும் குழாய் ஒன்றின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, நிரம்ப ஒன்பது நிமிடம் ஆவதைக் கைபேசியில் பார்த்து, அந்த ஒரு குழாயில் மட்டும் நாளொன்றுக்கு 160 லிட்டர் வீணாகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பாட்டி, 2002 ஏப்ரலில் பிளாச்சிமடையில், நிலத்தடி நீரைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட குளிர்பான ஆலைக்கு எதிரே மயிலம்மா முதலானோர் தொடங்கிய போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர். 2004 மார்ச்சில் அந்த ஆலை நின்றது. “கிணத்துத் தண்ணியில சோறு வெந்தாலும் வேகாது, குளிச்சா அரிக்கும்னு பாட்டி சொல்லும்,” என்று அவள் சொன்னபோது, நான் நடத்தவிருந்த நீர்ச் சிக்கன வகுப்பு தேவையற்றுப் போயிற்று. குழாய்க்கு வாஷர் மாற்றக் கற்றுக்கொடுக்க ஒரு பிளம்பரை மட்டும் அழைத்தேன்.

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூன்றாமாண்டில், மாணவர்கள் இவ்வளவு நன்றாகச் செய்கிறார்களே, துப்புரவுப் பணியாளர் இருவரில் ஒருவரை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச் சொன்னால் என்ன என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தன்னார்வலர் என்றால் கூலியில்லாத ஆள் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் பிறகு அந்தப் பணியில் எந்த மாணவனின் முகத்திலும் விழிக்க முடியாது. நான் மறுத்தேன், மாணவர்கள் என்னைவிட வலுவாக மறுத்தார்கள், கையெழுத்து வாங்கி மனுவாகவே கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு வரையறை வகுத்துக்கொண்டோம்: அளப்பது, பிரிப்பது, சோதித்துப் பார்ப்பது, மற்றவர்களிடம் பேசுவது மாணவர் வேலை, நாள்தோறும் பெருக்குவதும் கழிப்பறை கழுவுவதும் சம்பளம் வாங்குகிறவர் வேலை, அந்தச் சம்பளத்தில் ஒரு காசும் குறையக் கூடாது. உர விற்பனையில் வந்த சிறு தொகையில் பணியாளர் இருவருக்கும் நல்ல ரப்பர் கையுறையும் மழைக்கோட்டும் வாங்கினோம். இதை முதலாண்டிலேயே செய்திருக்க வேண்டும்.

ஓணக் கொண்டாட்டத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எளிது: விருந்து எப்படியும் வாழையிலையில்தான், பாயசத்துக்கும் தண்ணீருக்கும் எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்து, கழுவ ஓர் அணியை முன்கூட்டியே பெயர் சொல்லி அமர்த்திவிட்டால் முடிந்தது. பூக்களத்துப் பூ மறுநாள் தொட்டிக்கு.

எல்லாவற்றையும் கவிழ்த்தது கோடை விடுமுறை. இரண்டாமாண்டு முடிவில் தொட்டித் தலைவி உட்பட எல்லோரும் தேர்வு எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஜூனில் வந்து பார்த்தபோது தொட்டியின் மேல்பாதி பொடியாய்க் காய்ந்து, அதில் எலி வளை. தராசைக் காணவில்லை; யாரிடம் இருந்தது என்று கேட்கவும் ஆள் இல்லை. கல்லூரியில் மூன்றாண்டில் மாணவர் கூட்டமே முழுதாக மாறிவிடும் என்பது தெரிந்ததுதான், ஆனால் பொறுப்பை மார்ச்சில் ஒப்படைக்கலாம் என்று நான் இருந்துவிட்டேன். மார்ச்சில் எல்லோர் தலையிலும் தேர்வுதான் இருக்கும். இப்போது ஜனவரி முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு முதலாமாண்டு மாணவரை இணைத்து, மூன்று மாதம் இருவரும் சேர்ந்து செய்யும்படி வைத்திருக்கிறோம். தொட்டியில் பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. மூடிவிட்டால் தொண்ணூறு நாள் விடுமுறையோடு கழிந்துவிடும். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளிக்கும் இரவுக் காவலருக்குக் கல்லூரிக் கணக்கிலிருந்து ஒரு தொகை தரப்படுகிறது.

மணிக்கணக்கையும் மாற்றிப் பார்த்தேன். வருகைப் பதிவில் ‘இரண்டு மணி நேரம் தூய்மைப் பணி’ என்று எழுதாமல், ‘பெண்கள் விடுதிப் பின்புறம், மூன்று குழாய் வாஷர் மாற்றம்’ என்று செய்த வேலையை எழுதச் சொன்னேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். பட்டியலில் பெயர் முப்பத்தைந்தாகக் குறைந்தது. முதல்வர் அறைக்கு அழைத்து விளக்கம் கேட்டார். நீள நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, நாக் கோப்புக்கு இதில் நகல் எடுத்துத் தர முடியுமா என்றார்.

பொறுப்பை வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்த அன்று அந்த நோட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். முதல் பக்கத்தில் தொட்டித் தலைவியின் கையெழுத்தில், பச்சை மையில், அடுத்து வருகிறவர்களுக்காக எழுதியிருந்தது: “மழைக்கு முன்னால் சருகு இருபது சாக்கு கட்டி ஜெனரேட்டர் அறைத் திண்ணையில் வைக்கவும். தார்ப்பாய் வாட்ச்மேன் அண்ணனிடம் உள்ளது. கேட்டால் தருவார். தராசு பேட்டரியைக் கழற்றி வைக்கவும். சாணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம், காலை ஏழு மணிக்கு முன்.”